தும்மலுக்கு நடுங்கும் குடுவை

பெண்கள் வராவிட்டால் போகட்டும், அது மட்டும் வந்தால் போதும் என்று முடிவெடுத்தபோது விஞ்ஞானிகளின் கூட்டத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை என்று சொல்கிறார்கள்.

அதற்கு முன் எல்லாவற்றையும் செய்து பார்த்திருந்தார்கள். சுவரில் எழுதினார்கள். வீதிவீதியாக வேன் அனுப்பினார்கள். வந்து காட்டினால் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் இலவசம் என்றார்கள். டிபன் பாக்ஸ் வாங்க ஆண்கள் வந்தார்கள். கருப்பை வாயில் வரும் பெரிய நோய் மெதுவாக வருவது. வருடக்கணக்கில் வாசலில் நின்றுவிட்டுத்தான் உள்ளே நுழையும். நிற்கும்போதே பார்த்துவிட்டால் அரை மணி நேர வேலை. இதையெல்லாம் பாட்டாகவும் பாடிப் பார்த்தார்கள். பெண்கள் வரவில்லை. வீட்டில் வேலை இருந்தது. வெட்கம் அதைவிட அதிகமாக இருந்தது. அந்த இடத்தில் ஒரு தொந்தரவு என்றால் வீட்டுக்காரர் மெடிக்கல் கடைக்குப் போவார். கடைக்காரரின் காதருகே குனிந்து, "வீட்ல அவங்களுக்கு..." என்று இழுப்பார். மீதியைக் கடைக்காரரே ஊகித்து நாலு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். நோய் ஒருத்திக்கு, அதைச் சொல்வது இன்னொருவர் என்ற இந்த ஏற்பாடு வெகுகாலமாக நடந்துவந்தது. விஞ்ஞானிகள் அதைக் கலைக்கவில்லை. அதற்கு ஒரு கண்ணாடிக் குடுவை செய்து கொடுத்தார்கள்.

வயது வந்த ஒவ்வொரு பெண்ணும் ஒருமுறை, ஒரே ஒருமுறை, பஞ்சு சுற்றிய குச்சியில் கொஞ்சம் செல் எடுத்துக் கொடுத்தால் போதும். சில மாதங்களில் வீட்டுக்கு ஒரு குடுவை வரும். உப்புத் தண்ணீரில், சின்ன மெதுவடை போல, நடுவில் ஒரு புள்ளி ஓட்டையோடு, இளஞ்சிவப்பாக ஒன்று மிதந்துகொண்டிருக்கும். அவளுடைய கருப்பை வாயின் இரட்டை. அவளுக்கு அழற்சி வந்தால் அதுவும் சிவக்கும். அவளுக்குச் சதை வளர்ந்தால் அதற்கும் வளரும். ஒரே செல்லிலிருந்து பிரிந்தவை ஒன்றையொன்று மறப்பதில்லை என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. பாதை ஒருவழிப் பாதை. அவளுக்கு நடப்பது அதற்கு நடக்கும், அதற்கு நடப்பது அவளுக்கு நடக்காது. அவள் தும்மினால் அது நடுங்கும். குழந்தைகளுக்கு இது நல்ல வேடிக்கை.

இப்படியாக நாமக்கல்லில் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போவது நின்றது. குடுவைகள் போயின. ஊரில் முட்டை அட்டைக்குப் பஞ்சமில்லை என்பதால் ஆண்கள் குடுவையை முட்டை அட்டையில் பதித்து, வண்டியின் முன்னால் வைத்து, பள்ளம் மேடு பார்த்து ஓட்டிக்கொண்டு போவார்கள். அதற்காகக் கம்பெனிகளில் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. குடுவை லீவு என்று பெயர். குடுவை நிலையத்தின் காத்திருப்பு அறையில் ஆண்கள் மடியில் அட்டையோடு வரிசையாக உட்கார்ந்து, வண்டியின் மைலேஜ் பற்றிப் பேசும் குரலில், எங்க வீட்டுதுக்குப் போன மாசம் அழற்சிங்க, இப்பப் பரவால்லீங்க என்று பேசிக்கொள்வார்கள்.

வீட்டிலும் மாற்றம் வந்தது. மாதத்தில் அந்த நாட்களில் பெண்கள் ஒதுங்க வேண்டியதில்லை. குடுவையைத் தூக்கி பால்கனியில் வைத்துவிட்டு அவர்கள் பாட்டுக்குச் சமையல் செய்தார்கள். தீட்டு குடுவைக்குப் போய்விட்டது என்று ஒரு சாமியார் தொலைக்காட்சியில் விளக்கினார். எல்லோருக்கும் இது பிடித்திருந்தது.

யாழிசையின் வீட்டில் இரண்டு குடுவைகள் இருந்தன. ஒன்று அவளுடையது, ஒன்று அவள் மாமியார் வினோதினியுடையது. இரண்டின் மேலும் ஒட்டியிருந்த பெயர் தஸ்வின் என்பது. யாழிசையின் கணவன், வினோதினியின் மகன், குடும்பத் தலைவன். இந்த மாதிரிப் பொருளின் மேல் பெண்ணின் பெயரைப் போட்டு நாலு பேர் பார்க்க எடுத்துப்போவது நன்றாக இருக்காது என்பதால் எல்லா வீட்டுக் குடுவைகளிலும் ஆண் பெயர்தான் இருந்தது. அடையாளத்துக்கு யாழிசையின் குடுவைக் கழுத்தில் சிவப்பு நூலும், வினோதினிக்குக் கணவர் இல்லை என்பதால் அவருடையதில் வெள்ளை நூலும் கட்டி, இரண்டையும் ஃபிரிட்ஜின் மேல் வைத்திருந்தார்கள்.

பங்குனி மாதத்தில் ஒருநாள் குடுவை லீவு போட்டுப் போன தஸ்வின், மத்தியானம் திரும்பி வந்து செருப்பைக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தான். தீவனக் கம்பெனியில் மேற்பார்வையாளன் அவன். கோழிக்கு ஏதாவது வந்தால்தான் இப்படி உட்காருவான்.

சிவப்பு நூல் குடுவையில் ரத்தம் வந்திருந்தது. டாக்டர் அதன் மேல் வினிகர் விட்டுப் பார்த்தபோது ஒரு ஓரமாக வெள்ளைத் திட்டு எழும்பியதாம். குடுவையில் பார்த்தால் திட்டு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தெரியாதாம். தெரியாததால் கருப்பையையே எடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு என்பது நிலையத்தின் விதியாம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை தேதி கொடுத்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு மட்டும் ஆள் வரவேண்டும். அதிலும் சங்கடம் ஒன்றும் கிடையாது. தலையிலிருந்து கால்வரை போர்த்தி வாசலில் விட்டால் அங்கேயே மயக்க மருந்து. உள்ளே இயந்திரம் பார்த்துக்கொள்ளும்.

கல்யாணமாகி நாலு வருடமாக யாழிசை பீரோவின் கீழ்த்தட்டைக் காலியாக வைத்திருந்தாள். யாராவது கேட்டால் அதில் பூச்சி வருகிறது என்பாள்.

"என்னை அவங்க பாக்கவே இல்லியே மாமா," என்றாள்.

"உன்னோடதைப் பாத்தாங்கல்ல," என்றான் தஸ்வின். அவன் கண் கலங்கியிருந்தது. அவனைக் குறை சொல்ல முடியாது. வரும் வழியெல்லாம் அட்டையை ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்திருந்தான்.

வினோதினி காபி போட்டுக் கொண்டுவந்தார். அதில் சர்க்கரை இரண்டு தடவை விழுந்திருந்தது.

செய்தி தெருவில் பரவியது. அக்கம்பக்கத்தார் குடுவையைப் பார்க்க வந்தார்கள். ரத்தம் கசிந்ததால் அது பால்கனியில் இருந்தது. எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலியைப் பால்கனிக்கு இழுத்துப்போட்டு அதன் எதிரே உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்கள். எதிர்வீட்டு ஷர்மிளா அக்கா ஆப்பிள் வாங்கிவந்து குடுவையின் முன் வைத்தாள். இன்னொருவர் ஹார்லிக்ஸ் பாட்டில். எப்படிச் சுருங்கிப்போச்சு பாரு என்று ஒரு பெரியவர் வருத்தப்பட்டார். யாழிசை எல்லோருக்கும் டீ கொடுத்தாள். டம்ளரைத் திருப்பித் தரும்போது ஒருத்தர் அவளிடம், நீயும் உடம்பைப் பாத்துக்கம்மா, வேலை ஜாஸ்தி என்றார்.

தஸ்வினுக்குத் தூக்கம் போனது. தினமும் காலையில் ஒரு கரண்டி ஹார்லிக்ஸைக் கரைத்துக் குடுவையின் பக்கத்தில் வைத்துவிட்டு, சூடு ஆறியதும் அவனே எடுத்துக் குடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் சந்தைக்குப் போயிருந்தபோது யாழிசை பால்கனியில் தனியாகக் குடுவையின் எதிரே உட்கார்ந்திருந்தாள். முட்டைப் பொடி செய்யும் ஆலையில் அவளுக்கு வேலை. பொடி மூக்கில் ஏறி, ஆலைக்குப் போகாத நாளிலும் தும்மல் வரும். அன்றும் வந்தது. தும்மிவிட்டுப் பழக்கத்தில் குடுவையைப் பார்த்தாள்.

அது அசையவில்லை.

இன்னொன்று தும்மினாள். சிவப்பு நூல் கட்டிய குடுவை குளத்துத் தண்ணீர் போல நிம்மதியாக இருந்தது. அதுவும் என்னை விட்டுப் போய்விட்டது என்று நினைத்தபோதுதான் அவளுக்கு முதல்முறையாக அழுகை வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே சமையலறையில் வினோதினி மிளகாய் தாளித்தார். கமறல் தாங்காமல் இருமினார்.

யாழிசையின் கண்ணெதிரே குடுவை நடுங்கியது.

மறுபடி ஒரு இருமல். மறுபடி ஒரு நடுக்கம்.

அவள் மெதுவாக உள்ளே போனாள். ஃபிரிட்ஜின் மேல் வெள்ளை நூல் குடுவை இருந்தது. விதவையின் குடுவை என்பதால் அதை யாரும் நின்று பார்த்ததில்லை. கொஞ்சம் நீலம் பாரித்த மாதிரி இருந்தது. தண்ணீர் மாற்றி நாளாகிவிட்டது போலும். மூக்குக்குள் அடுத்த தும்மல் வந்து நின்றது. அடக்காமல் விட்டாள். வெள்ளை நூல் குடுவைக்குள் அந்தச் சின்ன வடை சிலிர்த்து அடங்கியது.

வினோதினி அடுப்பின் முன் நின்றிருந்தார். திரும்பவில்லை.

"எண்ணெய் தெறிக்கும் கண்ணு, தள்ளி நில்லு," என்றார்.

"ரத்தம் எப்ப இருந்துங்கத்தை?"

கரண்டி நின்றது. வாணலியில் மிளகாய் கருகியது. யாழிசைதான் கையை நீட்டி அடுப்பை அணைத்தாள்.

"தை மாசத்துல இருந்து," என்றார் வினோதினி. "நின்னு ஆறு வருஷமாச்சு. மறுபடி வந்ததும் வயசுதான் திரும்புதோன்னு நெனச்சேன் போ."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார், சுவரைப் பார்த்தபடி. குடுவையை எடுத்துப்போவது மகன். அந்தக் காத்திருப்பு அறையில் ஊர் ஆம்பிளைகள் எல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். வெள்ளை நூலில் ரத்தம் என்றால் என்ன பேசுவார்கள்? இந்த நோயெல்லாம் ஆணோடு இருப்பவளுக்குத்தான் வரும் என்று ஊரே சொல்கிறது. கணவர் இறந்து பதினோரு வருடம் ஆனவளுக்கு எப்படி வந்தது என்று கேட்பார்கள். வாயால் கேட்காவிட்டாலும் கண்ணால் கேட்பார்கள். மகனும் அந்த அறையில்தான் உட்கார்ந்திருப்பான். அதனால் லீவுக்கு முந்தின நாள் நூலை மாற்றிக் கட்டிவிட்டார்.

"மாத்திரை எழுதிக் குடுப்பாங்க, உன் பேருக்கு வரும், நான் எடுத்துப் போட்டுக்கலாம்னு இருந்தேன் சாமி. நம்ம ஊட்டுல எப்பவும் அப்படித்தான நடக்கும். ஆபரேஷன்னு வந்து நிக்கும்னு கண்டனா?"

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்லீங்க."

"ஆபரேஷனுக்கும் வழி பண்ணி வெச்சுட்டேன்."

வினோதினி தன் அறைக்குப் போய் ஒரு போர்வையைக் கொண்டுவந்தார். துவைத்து, இஸ்திரி போட்டு மடித்திருந்தார். "போர்த்தித்தான கூட்டிட்டுப் போறாங்க. மூஞ்சிய எவன் பாக்கறான்? வெள்ளிக்கிழமை நீ கோயிலுக்குப் போயிரு, நான் போர்த்திட்டு வண்டில ஏறிக்கறேன். ரெண்டு பேரும் ஒரே உசரந்தான். நான் வேணா கொஞ்சம் வயித்த எக்கிக்கறேன்."

யாழிசை போர்வையைப் பார்த்தாள். கோபப்படத்தான் சமையலறைக்குள் வந்திருந்தாள். கோபம் எங்கோ வழியில் இறங்கிப் போயிருந்தது.

"அப்புறம் நான் உண்டானா மாமாகிட்ட என்னன்னு சொல்றதுங்கத்தை? கருப்பையே இல்லாதவ."

"சாமி குடுத்துதுன்னு சொல்லு. அவன் என்னைக்கு எதிர்க்கேள்வி கேட்டான்?"

இருவரும் சிரித்தார்கள். சிரித்தபோது பால்கனியிலும் ஃபிரிட்ஜின் மேலும் இரண்டு குடுவைகளும் குலுங்கின. சிரித்து முடித்ததும் யாழிசை சொன்னாள், ஆழம் தெரியாததால்தான் எல்லாவற்றையும் எடுக்கிறார்கள், ஆளைப் பார்த்தால் ஆழம் தெரியும், அதனால் நாளைக்கு நீங்களே நேரில் வந்து காட்டுங்கள் என்று.

"நேர்லயா?" என்றார் வினோதினி. பேருந்து நிலையத்தில் குளிக்கச் சொன்னதுபோல அவர் முகம் போனது.

மறுநாள், ராசிபுரத்தில் ஒரு நிச்சயதார்த்தம் என்று தஸ்வினிடம் சொன்னார்கள். குடுவையைத் தனியா விட்டுட்டா போறீங்க என்று அவன் கேட்டான். ஷர்மிளா அக்கா வந்து உட்கார்ந்துகொள்வதாக ஏற்பாடு.

குடுவை நிலைய வாசலில் காவலாளி இரண்டு பெண்களைக் கண்டதும் எழுந்து நின்றார். அவர் நாற்காலிக்கு அது பழக்கமில்லாத காரியம்.

"குடுவை எங்கம்மா?"

"கொண்டாந்திருக்கேன்," என்றார் வினோதினி.

"எங்க?"

"உள்ள."

காவலாளிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே வழிவிட்டார். காத்திருப்பு அறையில் இருந்த ஆண்கள் தத்தம் குடுவைகளின் மேல் துண்டை இழுத்துவிட்டார்கள். பெண்களின் முன்னால் அதைத் திறந்து வைத்திருப்பது மரியாதையாக இருக்காது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

டாக்டர் ஜெசிந்தா சின்னப் பெண். வேலைக்கு வந்த நாளிலிருந்து குடுவை பார்க்கிறாள். நிறம், திட்டு, சதை எல்லாம் ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள். ஒரு பெண்ணோடு சேர்ந்தாற்போல அதைப் பார்த்தது கிடையாது. வந்த விஷயத்தைக் கேட்டதும் கதவைச் சாத்தினாள், உட்கார்ந்தாள், பிறகு எழுந்து நின்றாள்.

"ரூல் இருக்கான்னு தெரியலையே," என்றாள்.

படுக்கவைத்துப் பார்க்கும் கட்டிலில் கூரை வரைக்கும் காலி முட்டை அட்டைகள் அடுக்கியிருந்தன. மூவரும் சேர்ந்து இறக்கி வைத்தார்கள். மறைப்புத் திரையை எப்போதோ ஜன்னலுக்கு மாட்டிவிட்டார்கள். யாழிசை புடவைத் தலைப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே விரித்துப் பார்க்கும் கருவி, நடைபாதையில் கண்ணாடி அலமாரிக்குள், அந்தக் காலத்துப் பொருள்கள் என்ற பலகையின் கீழ், சுழற்றும் டெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்தது. டாக்டர் அதை எடுத்துவந்து கொதிக்க வைத்தாள். அது கொதிக்கும் நேரத்தில் வேறு வேலை இல்லாததால், பாடப்புத்தகத்தில் படித்தது ஏதோ நினைவுக்கு வந்ததுபோல, கேட்டாள்.

"வலிக்குதாம்மா?"

வினோதினி அவளைப் பார்த்தார். யாழிசை தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்ததால் மாமியாரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, குரலைத்தான் கேட்டாள். அந்தக் குரல் கல்யாணமான வருடத்திலிருந்து ஆரம்பித்தது. தஸ்வின் பிறந்த பிறகு வெள்ளை பட்டது, வாடை வந்தது, கடையிலிருந்து மடித்து வந்த மாத்திரைகள். அடுத்தடுத்து இரண்டு கரு தங்காமல் போனது. இடுப்புவலியை வயசு என்று நினைத்தது. கணவரோடு இருந்த மறுநாளெல்லாம் சொட்டுச் சொட்டாகப் பட்டதை யாரிடமும் சொல்லாதது. தண்ணீர் கொதித்து வற்றியது. டாக்டர் இன்னொரு தடவை ஊற்றி வைத்தாள். குடுவை இதில் ஒன்றைக்கூடச் சொன்னதில்லை.

பார்த்து முடித்தபின் டாக்டரின் முகத்தில் பயம் போயிருந்தது.

"ரெண்டு விஷயம் இருக்கும்மா. ஒண்ணு, பாலிப். சின்னத் தொங்கட்டான் மாதிரி ஒரு சதை தொங்குது. ரத்தம் அனேகமா அதுலிருந்துதான் வருது. அதைத் திருகி எடுத்துடலாம். இன்னொண்ணு அந்த வெள்ளைத் திட்டு. பாத்தா புற்றா மாறாத மாதிரிதான் இருக்கு. ஆனா அப்படியே விட்டா மாறும். அந்த இடத்தை மட்டும் சுரண்டி எடுத்து சோதனைக்கு அனுப்பறேன். ஓரம் சுத்தமா வந்துட்டா கருப்பை பக்கமே போக வேண்டாம்."

"அவரு போயி பதினோரு வருஷமாச்சுங்களே டாக்டர்," என்றார் வினோதினி. அந்த ஒன்றைக் கேட்கத்தான் வந்தவர்போல.

"இது ஒரு கிருமியால வர்றதும்மா. அவர் இருந்தப்பவே வந்து இத்தனை நாளும் சும்மா படுத்திருந்திருக்கும். கல்யாணமானவங்கள்ல முக்காவாசிப் பேருக்குச் சளி மாதிரி வந்துட்டுப் போயிடும். சிலருக்குப் போறதில்ல. அதுல யார் தப்பும் இல்ல."

வினோதினி யோசித்தார். "போறப்ப எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாருன்னு நெனச்சேன்," என்றார்.

அந்த வாரமே இரண்டையும் எடுத்தாயிற்று. சோதனை முடிவும் நல்லபடியாக வந்தது: ஓரம் சுத்தம். ஆறு மாதம் கழித்து மறுபடி வாருங்கள் என்று டாக்டர் ஜெசிந்தா சொன்னாள். நேரில் வாருங்கள் என்று கூட்டிச் சொன்னாள். ஒரு சிக்கல் மட்டும் மீதியிருந்தது. குடுவையைப் பார்த்துப் போட்ட ஆபரேஷனைக் குடுவையைப் பார்த்துத்தான் ரத்து செய்ய முடியும். பெண்ணைப் பார்த்து ரத்து செய்ய விதி இல்லை. சிவப்பு நூல் குடுவை ஆறும்வரை நாள் வேண்டும். டாக்டர் ஒரு வழி கண்டுபிடித்தாள். குடுவைக்குக் காய்ச்சல் என்று எழுதித் தேதியை ஒன்றரை மாதம் தள்ளிப் போட்டாள். அதுவரை நூலை மாற்றக் கூடாது, இதே குடுவைதான் சிவப்பு நூலோடு வந்து குணமாகிக் காட்ட வேண்டும் என்று இரண்டு பெண்களிடமும் சொல்லி அனுப்பினாள்.

காய்ச்சல் என்றதும் தஸ்வின் ஹார்லிக்ஸை இரண்டு வேளையாக்கினான்.

சித்திரை போனது. யாழிசைக்கு முட்டைப் பொடி வாடை ஆகாமல் போயிற்று. ஆலையில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். வெயில் என்றார்கள். நாள் தள்ளிப்போனதோ என்று ஒருமுறை தோன்றியது. ஆனால் அந்தக் கணக்கைக் குடுவைதான் வைத்துக்கொள்ளும் என்பது அவளுக்குப் பழகியிருந்தது. குடுவையோ நூல் மாறி நின்றது. வீட்டில் சிவப்பு நூலைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அது நாளுக்கு நாள் தேறிவந்தது. வெள்ளை நூலை யாரும் பார்க்கவில்லை.

வைகாசி ஆரம்பத்தில் தஸ்வின் லீவு போட்டு இரண்டு குடுவைகளையும் அட்டையில் வைத்து எடுத்துப் போனான். மத்தியானம் திரும்பி வந்து, இந்த முறையும் செருப்பைக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தான். அட்டை மடியிலேயே இருந்தது. வினோதினி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"சிவப்பு நூல் சரியாயிருச்சு," என்றான். "ஆபரேஷன் வேண்டாம்னுட்டாங்க. என்ன குடுத்தீங்கன்னு கேட்டாங்க. ஹார்லிக்ஸ்னு சொன்னேன். நாலஞ்சு பேர் எத்தனை கரண்டின்னு கேட்டுக்கிட்டாங்க."

யாழிசைக்குப் பீரோவின் கீழ்த்தட்டு நினைவுக்கு வந்தது.

"அப்புறம் ஏன்டா மூஞ்சி இப்படி இருக்குது?" என்றார் வினோதினி.

அவன் அம்மாவைப் பார்க்கவில்லை. மனைவியையும் பார்க்கவில்லை. வெள்ளை நூலைப் பார்த்தான்.

"ஜெசிந்தா டாக்டர் இன்னைக்கு லீவு. வேற ஒருத்தர்தான் இருந்தாரு. இது நீலமாயிருக்குதுன்னாரு."

"நீலம்னா?" என்றாள் யாழிசை.

"உண்டானா அப்படித்தான் நிறம் மாறுமாம். அங்க ரத்த ஓட்டம் ஜாஸ்தியாகி." அவன் குரல் இறங்கியது. "எல்லாருக்கும் கேக்கற மாதிரியே சொன்னாரு. தீவனக் கடை மாதேஸ்வரன் எந்திரிச்சு வந்து கையைக் குலுக்கறான். உனக்குத் தம்பி பொறக்கப்போறானாட்டம் இருக்குதேன்னு கேக்கறான். அம்மா, நான் என்னன்னு சொல்லட்டும்?"

யாழிசையின் கை அவளைக் கேட்காமலேயே வயிற்றுக்குப் போயிருந்தது. வாந்தி, வாடை, தள்ளிப்போன நாள் எல்லாம் தாமதமாக வந்த விருந்தாளிகள்போல ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்தன. அந்த முதல் வெள்ளிக்கிழமை, அந்தப் போர்வைக்குள் அவளே படுத்திருந்தால் என்று நினைத்தாள். அதற்குமேல் நினைக்க முடியவில்லை. அவள் மாமியாரைப் பார்த்தாள்.

எந்த அறையின் பார்வைக்குப் பயந்து நூலை மாற்றினாரோ, அந்த அறை இப்போது அதைவிடப் பெரிய கதையை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் இந்தக் கதை போகும், பழைய கதை வெளியே வரும். வாயைத் திறக்காவிட்டால் மருமகளின் குழந்தை தன் பெயரில் இருக்கும். வினோதினி வெண்டைக்காயைக் கீழே வைத்தார். முந்தானையால் கையைத் துடைத்தார். முதலில் சத்தமில்லாமல், பிறகு தோள் குலுங்க, அவர் சிரித்ததை மகன் பயத்தோடு பார்த்தான். மடியில் சிவப்பு நூல் குடுவை குலுங்கிக்கொண்டிருந்தது. அவன் அதையும் பார்த்தான். அம்மாவையும் பார்த்தான். மறுபடி குடுவையைப் பார்த்தான்.

"இது..." என்றான்.

"என்னுது," என்றார் வினோதினி. "ரத்தம் வந்ததும் எனக்கு, திட்டு வந்ததும் எனக்கு. நானே நேர்ல போயி, படுத்து, காட்டி, சரி பண்ணிட்டு வந்தேன். உன் ஹார்லிக்ஸ் இல்ல. அந்த நீலம் உன் பொண்டாட்டியோடது. அந்த மாதேஸ்வரன்கிட்ட நாளைக்கு நானே போய்ச் சொல்லிக்கறேன், ரெண்டையும்."

அவர் வந்து அட்டையிலிருந்து இரண்டு குடுவைகளையும் எடுத்தார். சிவப்பு நூலை அவிழ்த்தார். வெள்ளை நூலையும் அவிழ்த்தார். இரண்டையும் வெண்டைக்காய்க் காம்புகளோடு குப்பையில் போட்டுவிட்டுக் குடுவைகளை ஃபிரிட்ஜின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

தஸ்வின் பதறி எழுந்தான். "நூலை எடுத்துட்டா எது யாரோடதுன்னு எப்படிம்மா தெரியும்?"

"எங்களைக் கேட்டாத் தெரியும்," என்றார் வினோதினி.

அவன் நின்றுகொண்டிருந்தான். குடுவைகளைப் பார்க்கலாமா என்று கண் அந்தப் பக்கம் போய்த் திரும்பியது. மடியிலிருந்து விழுந்த காலி அட்டை காலடியில் கிடந்தது. ஏதோ கேட்க வேண்டும் என்று தெரிந்தது, என்ன என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மெடிக்கல் கடையில் குனிவதுபோல அம்மாவின் பக்கம் குனிந்தான்.

"வலிச்சுதாம்மா?"

ஃபிரிட்ஜின் மேல் ஒரு குடுவை நடுங்கியது. எது என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.